மீசைக் கத்தரி

எட்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பம்பாயில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எத்தனை படிக்கட்டு என்று தெரியும். வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட எங்கள் சாலில் எந்த வீட்டில் என்ன சண்டை என்று தெரியும். ஊரிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, எழுதும் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதும் நான்தான். மாமா பி.ஏ. படித்து உத்தியோகத்தில் இருந்தார். கடிதம் வந்தால் அம்மா அடுப்படியில் உட்கார்ந்தபடியே, "கண்ணு வலிக்குதுட்டி, நீயே வாசி" என்பாள். நான் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பேன்.

அப்படிப்பட்ட என் படிப்புக்கு ஆபத்து வந்தது தம்பியால். அவனுக்கு நாலரை வயது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அவனைச் சின்னக் குழந்தைகள் வகுப்பில் சேர்க்க அப்பா அழைத்துக்கொண்டு போனார். அந்த வகுப்பு டீச்சருக்கு ஒரு வழக்கம். பிள்ளையின் கையில் கத்தரிக்கோலும் ஒரு துண்டுத் தாளும் கொடுத்து வெட்டச் சொல்வார். வெட்டத் தெரிந்த விரல் பென்சிலும் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. தம்பி கத்தரியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். தாள் மடங்கியதே தவிர வெட்டுப்படவில்லை. கடைசியில் தாளைக் கடித்தான். பிள்ளையார் சதுர்த்தி லீவு முடிந்ததும் கூட்டி வாருங்கள், அப்போதும் முடியாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

வீட்டில் அப்போதுதான் தங்கை பிறந்திருந்தாள். அம்மா ஒற்றை ஆள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே என்னைக் காட்டித் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"அடுத்த தடவையும் சேக்கலன்னா இவ வீட்டுல இருந்து அவனப் பாத்துக்கிடட்டும். இஸ்கூலுக்குப் போயி என்னத்தக் கிழிக்கா?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழவில்லை. எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் இல்லாததால், கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுக்கவும் எனக்குத் தெரியும் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் இருந்த ஒரே கத்தரி அப்பா மீசை வெட்டுகிற கத்தரி. கண்ணாடிக்குப் பின்னால் துணிப்பையில் இருக்கும். அதை யாரும் தொடக் கூடாது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அப்பா ரயில்வே ஆபீசிலிருந்து திரும்புவதற்குள், அதை எடுத்துக்கொண்டு தம்பியை மூலையில் உட்கார வைப்பேன். பழைய பேப்பரில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போடுவேன். கட்டை விரல் மேலே, நடுவிரல் கீழே, திற, மூடு என்று நான் போடும் சத்தத்தில் தங்கை விழித்துக்கொள்வாள். தம்பி கோட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வெட்டுவான்.

"அக்கா, கை வலிக்கி" என்பான். தலையில் ஒன்று வைப்பேன். அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிடுவாள்.

"அவன விடுட்டி. இங்கன சோலி கெடக்கு."

இதுதான் எனக்கு ஆத்திரம். பத்து நிமிஷம் பாடம் நடந்தால் அரை மணி நேரம் அவனை அம்மா பிடுங்கிக்கொள்வாள். பட்டாணி உரிக்கச் சொல்வாள். பூண்டை நகத்தால் உரிக்கச் சொல்வாள். தங்கையின் துணிகளை அவனிடம் கொடுத்து, தண்ணீர் சொட்டாமல் பிழியச் சொல்வாள். யுத்த காலம் ஆனதால் ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தலையில் கட்டினார்கள். நாங்களும் சப்பாத்திக்கு வந்திருந்தோம். மாவு பிசைகிற வேலையும் தம்பிக்குப் போயிற்று. பிறகு குட்டிக் கட்டை ஒன்றைக் கொடுத்துத் தேய்க்கவும் சொன்னாள். அவன் தேய்த்த சப்பாத்தி இலங்கை மாதிரி வந்தது. அதையும் அப்பாவுக்குப் போட்டாள். என் படிப்பைப் பற்றி இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் கவலை என்று நான் மனம் நொந்தேன்.

மழை வேறு வலுத்தது. பேப்பர் நமுத்துப்போய், கத்தரிக்குள் துணி போல மடங்கியது. ஆனால் அதிர்ஷ்டம் என் பக்கம் இருந்தது. மறுநாள் முதல் எப்போது எடுத்தாலும் அடுப்புப் பக்கத்தில் ஒரு கட்டுப் பேப்பர் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கண்ணாடி முன் நின்றவர், "ஆ!" என்று கத்தினார். கத்தரி மழுங்கி, மீசையை வெட்டாமல் பிடுங்கியிருந்தது.

"எவ எடுத்தா இத?"

அவர் பார்வை நேராக என்மேல் விழுந்தது. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பிள்ளைக்குத் துணி வெட்ட நாந்தான் எடுத்தேன். இப்ப என்ன?"

அம்மா அப்படித் துணி வெட்டி நான் பார்த்ததில்லை. ஆனாலும் கேள்வி கேட்கிற நேரமா அது? மறுநாள் மாலை எடுத்துப் பார்த்தால் கத்தரி புதுசு போல வெட்டியது. தாள் வெட்ட வெட்டக் கத்தரிக்குத் தானாகவே கூர் ஏறும் என்று கண்டுபிடித்தேன். வகுப்பில் இரண்டு மூன்று பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

லீவு முடிந்தது. தம்பியை நானே அழைத்துப் போனேன். டீச்சர் இந்தத் தடவை தாளில் நேர்கோடு போடவில்லை. வட்டமாக ஒரு நிலா வரைந்து நீட்டினார். மூன்று மாதமாக நான் போட்டது அத்தனையும் நேர்கோடு. தம்பி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கத்தரியை வாங்கினான். வலது கை மெதுவாகத் திறந்து மூடியது. இடது கை, யாரும் சொல்லாமலே, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தது. கட்டைக்கு அடியில் சப்பாத்தியைத் திருப்புகிற அதே திருப்பு. நிலா ஒரு பக்கம் சற்று நசுங்கித்தான் வந்தது. டீச்சர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடி வந்து கத்தினேன். "நாந்தாம்மா சொல்லிக் குடுத்தேன்! நாந்தான்!"

அம்மா தங்கையை மடியில் போட்டுக்கொண்டு நசுங்கிய நிலாவை வாங்கிப் பார்த்தாள். "ஆமாட்டி. நீதான்" என்றாள். மறுநாளிலிருந்து நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனோம். பட்டாணி, துணி, மாவு எல்லாம் அவளுக்கே திரும்பிப் போயின.

நான் பி.ஏ. முடித்த வருஷம் மாமா பம்பாய்க்கு வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியவர் என்னிடம் சொன்னார்: "நான் படிச்சது ஒங்கம்மா இடுப்புல இருந்துல்லா. என்னையத் தூக்கி வச்சிக்கிட ஆளில்லன்னு, இவ அரிச்சுவடி முடிக்கதுக்குள்ள இவ படிப்ப நிறுத்திப்புட்டாவ."

அன்று மாலை அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேப்பரைக் காயவைத்தது, துணி பிழியச் சொன்னது, தெருவில் போன சாணைக்காரனைக் கூப்பிட்டது. அம்மா சிரித்தாள். "தாளு வெட்டுனா கத்தரி மழுங்கும்னு ஒனக்குத் தெரியாதாட்டி?"

தெரியவில்லை. எனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்றிருந்த அந்த வயதில், மாமாவின் கடிதம் வந்தால் மட்டும் வலிக்கிற அம்மாவின் கண்கள், மங்கிய விளக்கிலும் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.