காலி கேரியர்

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிது. தம்பி அங்கே இரும்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். விடியற்காலை ரயிலில் போனால் சாயங்கால வண்டியில்தான் பொன்னேரிக்குத் திரும்புவான். சாப்பாட்டுக் கேரியரைக் கூலிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் இருந்தார். அவசரச் சேதி என்றால் ஒரு சீட்டு எழுதி, கேரியர் மூடிக்குள் வைத்துவிடுவோம். ஊர் முழுக்க அதுதான் வழக்கம்.

அதற்கும் வந்தது கேடு. தபால் அதிகாரி ஒருவர் பிளாட்பாரத்தில் கேரியர்களைத் திறந்து பார்த்து, கேரியர்காரரை மிரட்டிவிட்டார். கடிதம் சுமக்கும் உரிமை சர்க்காருக்குத்தானாம். சிநேகிதன் சும்மா கொண்டுபோனால் குற்றமில்லை. கூலி வாங்குகிறவன் கொண்டுபோனால் வழக்கு. என்ன சட்டமோ, எழவு! நாங்கள் எழுதும் நாலு வரியில் யார் குடி முழுகிப் போயிற்று?

அதற்குப் பிறகு ஒரு நாள், தம்பி கிளம்பும்போதே குழம்பில் உப்பில்லை என்று என்னோடு சண்டை. அவன் போன பிறகு, படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வைத்தியர் முன்பே கைவிட்டிருந்தார். தெருவே நடவுக்குப் போயிருந்தது. அவரைத் தனியே விட்டுத் தந்தி கொடுக்க எப்படி ஓடுவேன்? "பையன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கேரியர்காரரிடம் சீட்டை நீட்டினேன்.

"லட்டர் மட்டும் வாணாம்மா. உள்ள தள்ளிட்டான்னா எம் புள்ளைங்க இன்னா பண்ணும்?"

"வாயாலயாவது சொல்லுண்ணே."

"கேட்லயே கேரியர வாங்கிக்கினு தொரத்திடறாங்க. வாச்மேன் காதுல போட்டுப் பாக்கறேன்."

வாச்மேனை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அடுக்குகளைக் கழுவிக் காலியாகவே மாட்டி அனுப்பினேன். சாவு வீட்டில்தானே அடுப்பு எரியாது, திறந்ததும் புரிந்துகொண்டு ஓடிவருவான் என்று நினைத்தேன்.

மத்தியான வண்டி வந்து போனது. அவன் வரவில்லை.

"வந்துட்டானா?"

"தோ, வந்துக்கினே இருக்கான் நைனா."

அதோடு சரி, மூச்சு அடங்கிவிட்டது. அழக்கூடத் தோன்றாமல் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். நடவுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

வாச்மேன் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. தம்பி எப்போதும்போல் சாயங்கால வண்டியில்தான் வந்தான். கொல்லை வழியாக நுழையும்போதே கத்தினான்.

"இன்னாக்கா, உப்பு இல்லன்னு சொன்னதுக்குக் காலி கேரியரா? அத்தினி பேரும் சிரிக்கிறாங்க! பேசேன், வாயில இன்னா கொழுக்கட்டையா?"

கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"இரு, நைனாகிட்டயே நாயம் கேக்கறேன்" என்று கூடத்துக்குள் போனான்.