வேலி தாண்டாத மண்

என்னைப் புனேயில் கட்டிப்போட்டது ஒரு மண்மேடு. மாமியாரோ கடனோ இல்லை. எங்கோ மேற்குக் கடலோரத்தில், ஓர் அணுமின் நிலையத்து வேலிக்குள், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சும்மா கிடந்த மண். மனுஷர் யார்மேலும் நான் அப்படிக் கோபப்பட்டதில்லை.

கணவரும் ஐந்து வயது மகளும் எனக்கு முன்னாலேயே கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். அவருக்கு அங்கே மாற்றல் கிடைத்தது, அவளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது, எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஜூனில் போய்ச் சேர வேண்டும். புனே அலுவலகம் விடுவிப்புக் கடிதம் கொடுத்தால்தான் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். புனேயில் வானவடிப் பக்கம் நான் இருந்த வீட்டில் கட்டிலைக்கூடப் பிரித்துக் கட்டிவிட்டேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, கரண்டி எந்தப் பெட்டியில் என்று தினமும் தேடுவேன். வாட்ச்மேன் வேறு, பார்க்கும்போதெல்லாம் "ஷிஃப்டிங் கப் ஹை, மேடம்?" என்று, எப்போது வீடு மாறுகிறேன் என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நிலையத்தில் எப்போதோ ஒரு குழாய் கசிந்திருந்தது. சரிசெய்யத் தோண்டியபோது வந்த மண்ணில் கொஞ்சம் கதிரியக்கம் ஒட்டியிருந்தது. கொஞ்சம் என்றால் நிஜமாகவே கொஞ்சம்தான். பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கதை பேசினாலும் ஒன்றும் ஆகாது என்று நானே எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் வெளியே அனுப்பலாம் என்ற அளவுக்கு ஒரு துளி மேலே இருந்தது. அதனால் வேலியைத் தாண்டக் கூடாது. அந்த மண்ணின் மாதிரிகள் புனே ஹடப்சரில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு டப்பா டப்பாவாக வரும். ஈயச் சுவருக்குள் வைத்து அளந்து, இது போகலாம், இது இருக்கட்டும் என்று சொல்வதுதான் என் வேலை. பெரும்பகுதி நாளாக நாளாக அளவுக்குக் கீழே இறங்கி, வெளியே போய்விட்டது. பக்கத்து ஊர்களில் பள்ளம் நிரப்பப் போட்டார்கள். கடைசியாக ஒரு மேடு மட்டும் மிச்சம். அதை முடித்துக் கையெழுத்துப் போட்டால் விடுவிப்புக் கடிதம் என்றார் மேலாளர்.

கடைசி மாதிரிகள் வந்தன. அளந்தேன். சுத்தம்! திரையில் மருந்துக்குக்கூட ஒன்றும் இல்லை. இருப்புக் கொள்ளாமல் உடனே கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, டிக்கெட் போடுங்க!"

அதற்கப்புறம்தான் ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தேன். செக்கச்செவேல் என்று மண். நடுவே தேங்காய் நார்த்தூள். நான் வருஷக்கணக்காக அளந்து வந்தது சாம்பல் நிற மணல். இது என் மண்ணே இல்லை.

நிலையத்தில் மேட்டைப் பார்த்துக்கொண்ட மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிக்காரர், தங்கமான மனுஷர்.

"அதிகாரிங்க பாக்க வந்தாங்கல்லா மேடம்? தார்ப்பாயப் போத்திக்கிட்டு மொட்டையா கெடந்தா நல்லாவா இருக்கும்? அதான் ரெண்டு லோடு செம்மண் அடிச்சு, பூத்த செடியா வாங்கி செண்டுமல்லி வச்சோம். சுத்திக் கல்லு பதிச்சு சுண்ணாம்பும் அடிச்சாச்சு. எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போனாவ."

"அட கடவுளே! நல்ல மண்ணு அதுமேல பட்டா, அதுவும் கதிரியக்க மண்ணுக் கணக்குலதாங்க சேரும்! உங்களுக்குத் தெரியாததா?"

"நாங்க கலக்கல மேடம். மேலாப்புலதான் போட்டோம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எங்கள் தொழிலில் செய்யவே கூடாதது அதுதான். நல்ல மண்ணைக் கொட்டி அளவைக் குறைத்துக் காட்டக் கூடாது. இவர்கள் ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. விருந்தாளி வருகிறார்கள் என்று வாசலை மெழுகிக் கோலம் போட்ட மாதிரி செய்துவிட்டார்கள். மாதிரியையும் அந்தக் கோலத்திலிருந்தே அள்ளி அனுப்பியிருக்கிறார்கள்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். மராத்திக்காரர், நல்ல சுபாவம், எதற்கும் பதற மாட்டார். அந்த அதிகாரிகளோடு அவரும் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

"அரே மேடம், குச் நஹி ஹோதா" என்று சிரித்தார். ஒன்றும் ஆகாதாம். உங்கள் கருவியே சுத்தம் என்கிறது, கையெழுத்துப் போடுங்கள், குழந்தையைப் போய்ப் பாருங்கள் என்று ஹிந்தியில் இதமாகச் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவர் மேசையில் கண்ணாடித் தம்ளரைக் கவனித்தேன். அதில் ஆரஞ்சு நிறச் செண்டுமல்லி.

"சார், இந்தப் பூ...?"

"நம்ம மேட்டில் பூத்ததுதான்! கிளம்பும்போது பூங்கொத்தாகக் கட்டிக் கொடுத்தார்கள்" என்றார் பெருமையாக. சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. சிரிப்பு மெல்ல வடிந்தது. ஒற்றை விரலால் தம்ளரை என் பக்கம் தள்ளினார். பிறகு கைக்குட்டையை எடுத்து அந்த விரலைத் துடைத்துக்கொண்டார்.

"சும்மா ஒரு தடவை அளந்து பாருங்கள்" என்றார்.

அளந்தேன். பூவில் ஒன்றுமே இல்லை. போய்ச் சொன்னேன்.

"நல்லது, நல்லது. அது உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கட்டும்."

இவர் மேசைக்கே ஆகாதது எந்த ஊர்ப் பள்ளத்துக்கு ஆகும்? பேனாவை மூடிவிட்டேன். மேட்டை அடிவரைக்கும் தோண்டி மறுபடி மாதிரி எடுக்க வேண்டும், செம்மண்ணையும் சேர்த்து என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். என் விடுவிப்புக் கடிதத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அங்கே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டால்தான் தோண்ட முடியும் என்றார்கள். ஜூன் போனது. கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதையாக வருத்தம் தெரிவித்துவிட்டு அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். நான் கட்டிலின் கயிற்றை அவிழ்த்து மறுபடி பூட்டினேன். வாட்ச்மேன் கேட்பதை நிறுத்திவிட்டார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் போனில், "எப்பத்தான் விடுவாங்களாமா?" என்று கேட்டார்.

"அந்த மண்ணு போனாத்தானுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, அந்த மண்ணு கெட்ட மண்ணா?"

"இல்ல கண்ணு, பயப்பட ஒண்ணுமே இல்ல." கூட்டங்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"அப்ப அதையும் கூட்டிட்டு வந்துரும்மா. நம்ம வீட்டுப் பூந்தொட்டில போட்டுக்கலாம். நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"சரிம்மா. அப்ப நீ மட்டும் வா."