தூசி என்றார்கள்

ஆஸ்பத்திரி அறையிலும் வாசலிலும் இருந்தவர்கள்: ஊசி குத்திய டாக்டர். ஸ்கேன் திரையைப் பார்த்து அவருக்கு வழி சொன்ன டாக்டரம்மா. என் கையை அசையவிடாமல் பிடித்த நர்ஸ். கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர். அவர் பக்கத்தில் அவருடைய அக்கா, என் மதினி. தலைமாட்டை உயர்த்திய கட்டிலில் நான்.

நெஞ்செலும்பு முடியும் இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அப்புறம் நீள ஊசி. குழாய் வழியாக ஒரு பையில் கடுங்காப்பி நிறத்தில் நீர் இறங்கியது. பை நிறைய நிறைய எனக்கு மூச்சு வந்தது.

வெளியே கொண்டுவந்ததும் மதினி பையைப் பார்த்தார்.

"ஏ பாக்கியம், இம்புட்டையும் நெஞ்சுல வச்சுக்கிட்டா பேசாம இருந்த?"

"சொன்னேன் மதினி."

"தூசின்னுல்ல சொன்ன."

"நீங்கதான் தூசின்னீக."

எம். புதுப்பட்டிப் பக்கம் பயர் ஆபீஸில் (பட்டாசு ஆலை) எனக்கு வேலை. எங்கள் பக்கம் யாருக்கு மூச்சு வாங்கினாலும் தூசிதான். எனக்கு வாங்கியதும் முதலில் போர்மேன் அப்படிச் சொன்னார், அப்புறம் மதினி. வாழைப்பழமும் வெல்லமும் தின்னச் சொல்வார்கள். தின்றேன். மத்தியானம் சோறு தின்றதும் எல்லாரும் மரத்தடியில் படுப்பார்கள். எனக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. காலும் வீங்கியது.

"உக்காந்தே வேலை பாத்தா வீங்கத்தான செய்யும்" என்றார் போர்மேன்.

பக்கத்து டாக்டரிடம் போனேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாயில் வைத்து இழுக்கும் மருந்து எழுதினார்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில்தான் டாக்டரம்மா, "எப்படிப் படுத்துத் தூங்குறீங்க?" என்று கேட்டார். "உட்கார்ந்துதான்" என்றேன். கழுத்து நரம்பைப் பார்த்தார். உடனே எக்கோ (இருதய ஸ்கேன்) எடுக்க அனுப்பினார்.

பெரிகார்டியல் எஃப்யூஷன் (இருதயத்தை மூடிய உறைக்குள் நீர் கோத்துக்கொள்வது). நீர் கூடினால் இருதயம் விரிய இடம் இருக்காது. உயிர் போகும். வைரஸ் காய்ச்சலால் வரலாம், தைராய்டால் வரலாம், சிறுநீரகம் கெட்டு வரலாம், புற்றால் வரலாம், டிபியால் (காசநோய்) வரலாம். எடுத்த நீரைச் சோதித்தார்கள். எனக்கு டிபி. சளியில் கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டரம்மா.

ஆறு மாதம் மாத்திரை. பாதியில் விட்டால் திரும்ப வரும். நிறையப் பேருக்குச் சரியாகிவிடும். முழுசாகத் தின்றாலும் சிலருக்கு உறை தடித்து இறுகும். அப்படியானால் நெஞ்சைத் திறந்து உறையை எடுக்க வேண்டும்.

"எனக்கு எப்படி ஆகும்?" என்று கேட்டேன்.

"ஸ்கேன்ல பாப்போம். நீர் நிக்கிற அகலம் பத்து மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பயமில்லை. இருபதைத் தாண்டினா மறுபடி ஊசி."

நடுவில் இருந்தால் என்னவென்று நான் கேட்கவில்லை.

போர்மேன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்.

"தூசியால வந்தது இல்லைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிரு தாயி. கம்பெனில கேக்காக."

முதலில் தூசி என்று சொன்னவர் அவர்தான்.

"வாங்கிட்டா சீசனுக்கு வேலை உண்டா?"

"நீ உடம்பைப் பாரு."

என் இடத்தில் ஆள் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது.

மதினி எனக்காக இருக்கன்குடி கோவிலில் உரு (தகட்டில் செய்த உறுப்பு) போட நேர்ந்திருந்தார். கடையில் கண் இருந்தது, கால் இருந்தது. நெஞ்சு இல்லையாம். முழு ஆளாக வாங்கிப் போட்டார். நான் வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தனித்தட்டு எடுத்து வைத்தார்.

"ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாகளே மதினி."

"அவுக வீட்லயா நீ சாப்பிடுற?"

படிக்கிறவர்களுக்கு ஒன்று. படுத்தால் மூச்சு முட்டி, குனிந்தால் தேவலையாக இருந்தால், டாக்டரிடம் வேலையை முதலில் சொல்லாதீர்கள். படுக்க முடியவில்லை என்று முதலில் சொல்லுங்கள்.

மாத்திரை முடிந்துவிட்டது. ஒருநாளும் விடவில்லை. இப்போது மல்லாந்து படுக்க முடிகிறது. படுத்தால் நெஞ்சு அடிப்பது கேட்கிறது. முன்பு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. இப்போது நான் அதற்குக் காவல் இருக்கிற மாதிரி இருக்கிறது. முன்பு தீபாவளிக்கு எத்தனை மாதம் என்று பார்ப்பேன். இப்போது ஸ்கேனுக்கு ஸ்கேன்தான் எனக்கு வருசம்.

நேற்று ஸ்கேன். டாக்டரம்மா திரையில் கோடு இழுத்து அளந்தார். இன்னொரு தரம் அளந்தார். என் வீட்டுக்காரர், "எம்புட்டும்மா?" என்று கேட்டார்.

பதினாலு மில்லிமீட்டர்.