தாழ்ப்பாள் உள்ள ஹோட்டல்

அரியலூரில் எந்த ஹோட்டல் நல்ல ஹோட்டல் என்று வேணியைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் ஜெயலட்சுமி அக்கா மெஸ் என்பாள். சாம்பார் எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது சாம்பாரே இல்லை, மஞ்சள் கரைத்த வெந்நீர். இட்லியைச் சுவரில் எறிந்தால் திரும்பி வரும். ஆனால் பின்கட்டில் ஒரு கழிப்பறை இருந்தது. கதவு சாத்தும், தாழ்ப்பாள் விழும், வாளியில் தண்ணீர் இருக்கும். ஊர் ஊராக அலைகிற பெண்ணுக்கு வேறென்ன ருசி வேண்டிக் கிடக்கிறது?

வேணி பெரம்பலூர்க்காரி. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி, அதை விட்டுவிட்டுத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற கம்பெனியில் சேர்ந்தாள். மெஷினை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவாள். விற்கிறவளே குடித்துக் காட்டாவிட்டால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். கடைக்கு ஒரு டம்ளர். குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா? ஆம்பளைகளுக்கு என்ன, சுவர் ஒன்று இருந்தால் போதும். இவள் பல்லைக் கடித்து அடக்கி அடக்கிப் போன மாதம் குளிர்ஜுரத்தில் விழுந்தாள்.

"இன்னொரு தடவ வந்தா கிட்னிக்கு ஆபத்தும்மா. அடக்கவே கூடாது. கண்ட எடத்துக்கும் போகாதீங்க" என்றார் டாக்டர். பின்னே எங்கே போவதாம்? அதை அவர் சொல்லவில்லை.

அன்றைக்கு அரியலூரில் பாத்திரக்கடை வீரமுத்துவைப் பார்க்க வேண்டும். அவர் டீலராகச் சம்மதிக்காவிட்டால் இந்த மாதத்தோடு வேலை இல்லை என்று மேனேஜர் அசோக் சொல்லிவிட்டான். வழியில் இரண்டு கடைகளில் குடித்துக் காட்டியதில் அடிவயிறு கனத்தது. நேரே மெஸ்ஸுக்கு ஓடினாள். கழிப்பறை இருந்த இடத்தில் புதுச் சிமெண்ட் தரை ஈரமாகக் கிடந்தது.

"அத இடிச்சுட்டோம்டி. பரோட்டா அடுப்பு போடப் போறோம். உக்காரு, இட்லி சூடா இருக்கு" என்றாள் ஜெயலட்சுமி.

"அப்ப நீங்க எங்கக்கா போவீங்க?"

"எனக்கென்ன, வூடு பக்கத்துத் தெருதான். ஒன்னயக் கூட்டிட்டுப் போலாம்னா, வெளியாளுங்கள எங்க மாமியா உள்ள வுடாதுடி."

அதற்குள் போன் அடித்தது. வீரமுத்துதான். "வர்றீங்களா இல்லியா? கடய சாத்திட்டு சாப்பிடப் போவணும்."

போனாள். குழாயில் மெஷினை மாட்டி, வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்தாள். அவர் டம்ளரை அவளிடமே நீட்டினார். "நீங்க மொதல்ல குடிங்கம்மா."

சிரித்தபடியே வாயில் ஊற்றிக்கொண்டாள். விழுங்கவில்லை. இன்னொரு வாய் இறங்கினால் அங்கேயே மானம் போய்விடும். போன் பேசப் போகிறவள் போல வெளியே வந்து சாக்கடையில் துப்பினாள். திரும்பினால் வாசலில் வீரமுத்து.

"ஏம்மா, நீயே துப்புற தண்ணியவா என் தலையில கட்டப் பாக்குற?"

"இல்லீங்க சார்... பல்லு வலி."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிடுசிடுவென்று நிற்கிற அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

"மெஷின எடுத்துக்கிட்டுக் கெளம்பும்மா" என்று அவர் ஷட்டரை இறக்கினார்.

அவள் ஸ்கூட்டியில் மெஷினை வைத்துக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தாள். வீரமுத்து நிதானமாக நடந்து, எதிர்ச் சுவரோரம் போய், வேட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

வேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் அடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.