ரிஷியின் பண்டாராயா மீன்

என் அண்ணன் தம்புசாமி பண்டமாரானில் லோரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், வலையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார். பிடிப்பது பண்டாராயா மீனை. உடம்பெல்லாம் முள்ளும் செதிளுமாக இருக்கும் அதைப் பூனைகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

அது நம் ஆற்று மீனே இல்லை. மீன் தொட்டியில் பாசியைத் தின்னட்டும் என்று தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும் ஆளாளுக்கு ஆற்றில் விட்டார்கள். இப்போது கரையைக் குடைந்து பெருகி, நம் ஆற்று லம்பாம் மீனின் முட்டையையும் தின்று, ஆற்றையே பிடித்துக்கொண்டது.

விட்டவர்களில் அண்ணனும் ஒருவர். மகன் ரிஷி மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். அவன் ஆசையாய் வளர்த்த மீனைக் கண்டாலே அண்ணி இராஜம்மாவுக்கு நெஞ்சை அடைக்கும். கருமாதி முடிந்த கையோடு, "இந்த உசுராச்சும் நல்லா இருக்கட்டும்" என்று இருவருமாகப் போய் அதை ஆற்றில் விட்டார்கள். புண்ணியம் என்றுதான் நினைத்தார்கள், பாவம்.

அது ஆற்றுக்கு எவ்வளவு கெடுதல் என்பதை, இந்த மீனைப் பிடித்து ஒழிக்கும் குழுவை நடத்தும் விஷ்ணுப்ரியா பிறகுதான் சொன்னாள். அன்றிலிருந்து அண்ணன் அந்தக் குழுவை விடவில்லை. சிக்கும் ஒவ்வொன்றையும் புரட்டி, இடப்பக்கத் துடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் டிரம்மில் போடுவார். ரிஷியின் மீனுக்கு அந்தத் துடுப்பு கிடையாது. தொட்டி மோட்டாரில் சிக்கி அடியோடு அறுந்துபோனது. கூடப் போகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இவ்ளோ பெரிய ஆத்துல அதப் போயித் தேடுறியே, பைத்தியமாண்ணே ஒனக்கு?" என்று கத்துவேன். அவர் அடுத்த மீனைப் புரட்டுவார்.

போன மாதம், விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அது சிக்கிவிட்டது. புரட்டிப் பார்த்தால் இடப்பக்கத் துடுப்பு இல்லை. அண்ணன் அதை டிரம்மில் போடாமல் வாளியில் விட்டார்.

"அங்கிள், ஆத்துல மட்டும் விட்றாதீங்க லா," என்றாள் விஷ்ணுப்ரியா மெதுவாக.

"இன்னொரு தடவ விடமாட்டேம்மா."

வாளித் தண்ணீரில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பழையபடி அண்ணியால் அதைப் பார்க்க முடியாதோ என்று எனக்கும் பயம்.

அண்ணி குனிந்து பார்த்தார். துடுப்பு இல்லாத இடத்தை விரலால் தடவினார். சமையலறைக்குப் போய் ஒரு துண்டு வெள்ளரிக்காயோடு வந்தார். ரிஷி தினமும் அதற்குப் போடுவது அதுதான்.

"தொட்டிய எறக்குங்க," என்றார் அண்ணனிடம். "எத்தன நாளாச்சோ புள்ள இதச் சாப்பிட்டு."

மகன் போன பிறகு அன்றைக்குத்தான் அண்ணி வாய்விட்டு அழுதார்.