பெருங்காய டப்பாவுக்குள் ஓர் உறுமல்

போன வாரம் திருச்சி தில்லை நகரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று கேட்காதீர்கள், சொல்லிக்கொள்கிற மாதிரியான இடமில்லை. கடைக்காரர் சால்டரிங் அயர்னை ஈயத்தில் வைத்ததும் லேசாக ஒரு புகை எழுந்து மூக்கில் ஏறியது. அந்தப் பிசின் வாசனை இருக்கிறதே, அதோடு கொஞ்சம் பெருங்காயமும் சேர்ந்தால் அதுதான் எனக்கு இருபத்து மூன்று வயது.

பெருங்காயம் எங்கிருந்து வந்தது என்பீர்கள். ஸ்ரீரங்கத்தில் பாஸ்கர் வீட்டுச் சமையலறையிலிருந்து. பாஸ்கர் என் கல்லூரித் தோழன். அவன் அப்பா கோயிலில் கைங்கரியம் பண்ணுகிறவர். பிள்ளை பண்ணிய கைங்கரியமெல்லாம் ரேடியோவுக்குத்தான். அக்கம்பக்கத்து ரேடியோக்கள் எல்லாம் அவன் வீட்டுப் பின்கட்டில் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். நான் மாதா கோயில் பாடற்குழுவில் கிட்டார் பழகி, பிறகு திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஒட்டிக்கொண்டவன். எண்பதுகளின் ஆரம்பம் அது. ட்ரூப்பில் எலெக்ட்ரிக் கிட்டார்க்காரன் என்றால் பெருமையாகத்தான் இருக்கும், ஆனால் ஓரமாக நின்று 'டிங் டிங்' என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருநாள் யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட் ஒன்றைக் கேட்டோம். அதில் கிட்டார் உறுமியது. அழுதது, அதட்டியது. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் காலால் மிதிக்கிற பெட்டி ஒன்று உண்டு, டிஸ்டார்ஷன் பெடல் என்று பெயர், அதன் வேலை இது என்று பாஸ்கர் எங்கோ படித்துவிட்டு வந்தான். "விலைக்கெல்லாம் வாங்க முடியாதுடா. நானே பண்ணித் தரேன்" என்றான்.

இரண்டு மாதம் ஆனது. அம்மாவின் பெரிய பெருங்காய டப்பாவைக் காலி பண்ணி, அடியில் பலகை வைத்து ஆணியடித்து, பழைய ரேடியோத் திருகுகள் மூன்றைப் பொருத்தினான். டப்பாவில் சூடு ஏறினால் பெருங்காயம் மணக்கும். ஆனால் சத்தம்! திருகைக் கொஞ்சம் திருப்பினால் தொண்டை கட்டிய பாகவதர். பாதி திருப்பினால் நாதஸ்வரம். முழுக்கத் திருப்பினால் லாரி மேடேறுவது போல் இருக்கும். ஒரே டப்பாவுக்குள் இத்தனை பேர். அவன் அம்மா ஓடிவந்து, "ஏன்டா, கர்ண கடூரமா இருக்கே! பெருமாள் சயனத்துல இருக்கார்டா, எழுந்து வந்துடப் போறார்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் எனக்கு அந்த நாட்களில் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. வீட்டில் அப்பா கெடு வைத்துவிட்டார். தஞ்சாவூரில் ஓர் உர டிப்போவில் குமாஸ்தா வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். "கிட்டாரை வித்துட்டு மனுசனா வண்டி ஏறு" என்றார். அதற்கு முந்தின சனிக்கிழமைதான் எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாதா கோயில் திருவிழாவில் எங்கள் கச்சேரி. பங்குச் சாமியாரின் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தார். ரெக்கார்டிங்குக்கு வாத்தியக்காரர்களைச் சேர்த்துவிடுகிறவர். எட்டு மணிக்கு ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். ட்ரூப் நடத்திய அண்ணனின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஒரு பாட்டின் நடுவில் ஒரு நிமிடம் வாங்கினேன். அந்த ஒரு நிமிடம்தான், விட்டால் உர மூட்டை. மாதாவிடம் அவ்வளவு மன்றாடினேன், ஸ்ரீரங்கம் போகும்போது பெருமாளையும் விட்டுவைக்கவில்லை.

புறப்படுகையில் பாஸ்கர் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "மைக் செட் பாய்ட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுடா. அவர் இந்த மாதிரி சத்தம் கேட்டிருக்க மாட்டார்." சரி என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை. ஏன் என்றால், ஹமீது பாய் திருச்சியில் எல்லா ட்ரூப்புக்கும் மைக் செட் போடுகிறவர். தங்கமான மனுஷர், ஆனால் வாய் நிற்காது. அவரிடம் சொன்னால் மறுநாளே தென்னூர் டீக்கடையில் டப்பாவின் ஜாதகம் ஓடும். ஒரே வாரத்தில் ஊரில் உள்ள கிட்டார்க்காரன் எல்லாம் பெருங்காயத்தைக் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவான். அதனால் டப்பாவின் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்தேன். கெட்டிக்காரனாம்!

ஏழரை மணிக்கு என் நிமிடம் வந்தது. துண்டோடு சேர்த்து மிதித்தேன். அப்பா... அந்தச் சத்தம்! கம்பத்திலிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் உறுமின. மணலில் உட்கார்ந்திருந்த ஜனம் நிமிர்ந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நெற்றியில் திருமண்ணோடு பாஸ்கர், கையை உயர்த்திக்கொண்டு. நாலைந்து நொடி இருக்கும்.

"ஐயோ, ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சு!"

ஹமீது பாய் பாய்ந்து வந்து என் ஒயரை உருவினார். பாவம், பொண்டாட்டி நகையை வைத்து வாங்கின புது ஸ்பீக்கர்கள். "பாய், அது அப்படித்தாங்க!" என்று கத்தினேன். "என்ன தம்பி அப்படித்தான்? கிழிஞ்ச சத்தம் எனக்குத் தெரியாதா?" என்று கம்பத்தில் ஏறிவிட்டார். இறங்கி வந்து துண்டை விலக்கினார். "ஓ, இந்த டப்பாதான் கோளாறா? கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு, கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகிக் கொடுத்தார். அத்தனை அன்பாகச் செய்தார். நான் 'டிங் டிங்' என்று வாசித்தேன். சென்னைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். செத்துப் போய்விடலாம் போலிருந்தது.

மேடைக்குப் பின்னால் பாஸ்கர் வந்தான். "பாய்ட்ட சொன்னியாடா?"

"சொன்னேன்டா. அந்த ஆளுக்குப் புரியல."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். அவன் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ சொல்லியும் அவருக்குக் கிழிஞ்ச சத்தமாத்தான் கேட்டிருக்குன்னா, தப்பு என்னோடதுதான். நான் சரியாப் பண்ணலடா" என்று டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் சால்டரிங் அயர்னைத் தொடவில்லை. பரோடாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகப் போனான். நான் தஞ்சாவூர் போனேன். கடிதம் எழுதிக்கொண்டோம். மழை, குழந்தைகள், முழங்கால் வலி எல்லாம் எழுதினேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதக் கை வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் தங்கை போன் பண்ணினாள், அண்ணா போயிட்டான் என்று.

நேற்று பரணிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்தார். "பேட்டரி கிளிப்புதான் சார் துருப்பிடிச்சிருக்கு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. யாரு சார் பண்ணது? நல்ல கை. கிட்டாரைக் கொண்டாங்க, டெஸ்ட் பண்ணிப் பார்த்துரலாம்."

கிட்டாரைத் தஞ்சாவூர் போகிற அன்றே விற்றாயிற்று. ட்ரூப் இல்லை. ஹமீது பாய் இல்லை. பாஸ்கர் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. டப்பாவை மூக்கருகே வைத்துப் பார்த்தேன், பெருங்காய வாசனையும் இல்லை.

"அன்னிக்கு நான் பாய்ட்ட சொல்லலங்க" என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்து, "யார்ட்ட சார்?" என்றார்.