சிப்பாய் இல்லாத ஆட்டம்

யுத்தம் இல்லாமல் இந்த வகைக் கணினி ஆட்டங்களை அமைக்க முடியாதா என்று யார் எழுதினாலும் விடாமல் படித்துவிடுவேன். மரம் வெட்டி, தங்கம் தோண்டி, வயல் போட்டு, வீடு கட்டி, கடைசியில் படை திரட்டிப் பக்கத்து ஊரைக் கொளுத்தும் ஆட்டங்களைச் சொல்கிறேன். கொளுத்துவதை எடுத்துவிட்டால் மீதி இருப்பதே போதும் என்பது சிலர் கட்சி. இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது சித்தூரில், என் பெரியப்பா மகனிடம். ஆண்டை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அப்பா, எங்கள் வழக்கில் நைனா, ரேணிகுண்டாவுக்குப் போன கோடை அது. நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். ஆகவே புது நூற்றாண்டு பிறந்து ஓரிரு வருடங்களுக்குள் இருக்கவேண்டும்.

குடிபாலாவுக்குப் பக்கத்தில் எங்கள் நிலமும் பெரியப்பா நிலமும் ஒட்டியவை. இரண்டுக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. அடுத்தடுத்து மழை பொய்த்ததில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. கிணறு வற்றினால் கரும்பு காயும். கரும்பு காய்ந்தால் நைனா ரேணிகுண்டாவில் ஏதாவது பட்டறை வேலைக்குப் போகவேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நைனா இல்லாத வீட்டை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பெரியப்பா மகனான அண்ணன் சித்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். வகுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போவான். இரண்டு மெஷின்களை வயரால் இணைத்து, ஒன்றில் அவன் ஊர், மற்றொன்றில் என் ஊர். அவனுடைய குதிரைக்காரர்கள் வந்து என் வீடுகளைக் கொளுத்தும்போது உள்ளேயிருந்து சின்னச் சின்ன மனிதர்கள் ஓடுவார்கள். ஒருநாள் அழுதுவிட்டேன்.

"சிப்பாயே இல்லாம ஆட முடியாதாண்ணா?"

"ஏன் முடியாது? ரெண்டு பேரும் சிப்பாய் செய்யக் கூடாது, அவ்ளோதான். யாருகிட்ட தங்கம் ஜாஸ்தியோ அவங்க ஜெயிச்சாங்க. சரியா பாப்பா?" என்றான் அண்ணன்.

அந்த ஆட்டம் சில வாரங்கள் தள்ளித்தான் நடந்தது. இடையில் பெரியப்பா ஆழ்துளைக் கிணறு போட்டார்.

நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு பெரியப்பா நிலம் முழுக்க நடந்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றை ஒட்டினாற்போல் ஓரிடத்தில் தேங்காய் நிமிர்ந்து நின்றது. துளைபோடும் லாரி அங்கே வர எங்கள் கரும்புக் கொல்லையைத் தவிர வேறு வழியில்லை. தண்ணீர் தேடுகிறவனுக்கு வழி மறிப்பது எங்கள் பக்கம் பாவம். நைனா தாமே மண்வெட்டி எடுத்து வரப்பை வெட்டிவிட்டார். பூசைக்குத் தம்பி கையால்தான் கற்பூரம் ஏற்றவேண்டும் என்று பெரியப்பா சொல்ல, அதையும் செய்தார்.

அம்மா மட்டும், "கெணத்துக்கு இவ்ளோ கிட்டயா?" என்றாள்.

"அண்ணன் போட்டா இன்னா? நம்மளுக்கு ஒரு மடை தண்ணி உடாமலா பூடுவாரு?" என்றார் நைனா.

சாம்பல் நிறக் கல்மாவு பகல் முழுவதும் எங்கள் கரும்பின்மேல் படிந்தது. பிறகு தண்ணீர் பீச்சியடித்தது. அன்றைக்கு எல்லோரையும்விட அதிகம் நனைந்து கூத்தாடியவள் நான்தான். பெரியம்மா வெல்லப் பொங்கல் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

அதன்பின் வந்த எங்கள் முறைகளில் மோட்டார் கொஞ்சநேரம் இறைத்துவிட்டுக் காற்றை உறிஞ்சத் தொடங்கியது. நைனா மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருப்பார். மடை கேட்டபோது பெரியப்பா, "பாக்கலாம்டா" என்றார். பொய்யாகச் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவர் கரும்புக்குப் பிறகு தக்காளி, தக்காளிக்குப் பிறகு புதிதாக நட்ட மாங்கன்றுகள் என்று அந்தத் தண்ணீருக்கு வேலை வந்துகொண்டே இருந்தது. இரண்டு வீட்டிலும் யாரும் குரல் உயர்த்தவில்லை. குழம்புக் கிண்ணங்கள் முன்போலவே போய்வந்தன.

சிப்பாய் இல்லாத ஆட்டத்தை அந்த நாட்களில்தான் ஆடினோம். இரண்டு ஊருக்கும் நடுவே பெரிய தங்கச் சுரங்கம் ஒன்று. நான் வயல் போட்டு, வீடுகளை நேர்வரிசையில் வைத்து அழகு பார்த்துவிட்டு ஆட்களை அனுப்பினேன். அதற்குள் அண்ணனின் ஆட்கள் சுரங்கத்தைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் மொய்த்திருந்தார்கள். என் ஆட்கள் நுழைய இடமில்லை. கொஞ்சநேரத்தில் தங்கம் தீர்ந்து சுரங்கமே மறைந்துபோயிற்று. என்னுடையவர்கள் வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது ஏமாத்து" என்றேன்.

"ஒரு சிப்பாய் செஞ்சனா நானு? உன்ன ஒரு அடி அடிச்சனா? சொல்லு" என்று சிரித்தான் அண்ணன்.

"தங்கத்துக்கும் முறை வச்சிக்கலாம்ணா. ஒருவாட்டி நீ, ஒருவாட்டி நானு."

"கேம்ல அதெல்லாம் வராது பாப்பா."

பஸ் ஸ்டாண்டில் எனக்கு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தான். அவன் நல்லவன்; அதையும் பதிவு செய்துவிடவேண்டும். ஆட்டத்தைச் செய்த வெள்ளைக்காரர்களுக்கு முறை வைக்கத் தெரியவில்லை என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பள்ளி திறப்பதற்கு முன்பே நைனா கிளம்பிவிட்டார். பெரியப்பா, "ஒடம்பப் பாத்துக்கடா" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்; கண் கலங்கியிருந்தது. அம்மா வாசலோடு நின்றுகொண்டாள். அண்ணன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ரோட்டுக்கு வந்தான். அவன் டீ சொல்லப் போனபோது நைனா என்னைப் பார்த்தார்.

"சித்தூர்ல கேம் ஆடிக்கினு கீறீங்களாமே. யாரு ஜெயிச்சது?"

"அண்ணன்தான். ஆனா சண்டையே போடல நைனா."

"சண்ட போடலன்னா நல்லதுதாம்மா" என்றார்.

அவர் ஒப்புக்கொண்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் அவர் எங்கள் நிலம் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பஸ் வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பஸ்ஸைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, நானும் எட்டி எட்டிப் பார்த்தேன்.